ஐயுறவும் அறமும்: ‘கோக்சொங்’ திரைப்படத்தின்மேல் பார்வையாளர் வழங்கும் தீர்ப்புகள்

நம்புதல் என்பது ஒருவனுடைய விருப்பமா, பொறுப்பா என்னும் வினா மெய்யியல் நூல்களுக்கே உரியதாகப் பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. போதிய சான்று இல்லாத நிலையில் பிறன் ஒருவனைத் தீயவன் என்று உள்ளத்துள் முடிவு செய்தல், அம்முடிவு பின்னர் மெய்யென வெளிப்பட்டாலும், பழிக்குரியதா என்பது அவ்வினாவின் கடுமையான வடிவமாகும். தென்கொரிய இயக்குநர் நா ஹோங்-ஜின் உருவாக்கி 2016 மே மாதம் வெளியான ‘கோக்சொங்’ என்னும் திரைப்படம் இவ்வினாவை அறிஞர் அவையினின்றும் திரையரங்கிற்குக் கொண்டுவந்தது. பிற நாடுகளில் ‘தி வெய்லிங்’ என்னும் பெயரில் திரையிடப்பட்ட இப்படம் பேய்க்கதை, துப்பறியும் கதை, சமயக் கதை ஆகிய மூன்றின் இயல்புகளையும் ஒருங்கே கொண்டது. 156 நிமிடம் ஓடும் இதனைக் கொரியாவில் மட்டும் 68 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரையரங்குகளில் கண்டனர். கண்டவர்கள் ஒருவரோடொருவர் உடன்படவில்லை. அவர்தம் கருத்து வேறுபாடு கதைமுடிவு பற்றியது போலத் தோன்றினும் உண்மையில் அறம் பற்றியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

கதையும் களமும்

கோக்சொங் என்பது தெற்கு ஜொல்லா மாகாணத்தைச் சார்ந்த மலைப்பாங்கான மாவட்டம் ஒன்றின் பெயர். அதே ஒலியைச் சீன எழுத்துகளில் வேறுவகையாக எழுதின் ‘அழுகுரல்’ என்று பொருள்படும். படத்தின் தலைப்பு இரண்டாம் பொருளிலேயே எழுதப்பட்டுள்ளது. ஊர்ப்பெயர் கேட்டு வந்தவன் அழுகையைக் கேட்டுத் திரும்பும் இச்சிலேடை, தமிழ் மரபில் பழகியவர்க்கு விளக்கம் வேண்டாதது.

அவ்வூரில் குடும்பத்தார் குடும்பத்தாரையே கொல்லும் நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்கின்றன. கொன்றவர் உடலெங்கும் கொப்புளம் எழும்பி, நினைவிழந்து, கொலை நடந்த இடத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். நச்சுக்காளான் உண்டதன் விளைவு என்பது அரசுத் தரப்பின் விளக்கம். மலையில் தனித்து வாழும் ஜப்பானியன் ஒருவனே காரணம் என்பது ஊர்ப்பேச்சு. காவலர் ஜோங்-கு முதலில் அப்பேச்சை நகைப்புடன் கேட்கிறான். அவன் துணிவுள்ளவன் அல்லன். கொலைச்செய்தி வந்த காலையிலும் மாமியார் சொற்கேட்டுச் சோறுண்டு செல்பவன். அவனுடைய மகள் ஹியோ-ஜின் நோயுற்று, அவள் உடலிலும் அக்கொப்புளம் காணப்பட்டதும் நகைப்பு அச்சமாகவும் அச்சம் வெறியாகவும் மாறுகிறது. மாமியார் இல்-க்வாங் என்னும் சாமியாடியை வரவழைக்கிறாள். பெயர் கூறப்படாத பெண் ஒருத்தி இடையிடையே தோன்றி அந்த அயலானே பேய் என்கிறாள். ஜோங்-கு தன் நண்பர்களைத் திரட்டி அயலானை வேட்டையாடுகிறான். அயலான் அவர்கள் வண்டியில் அடிபட்டு வீழ, உடலைச் சரிவில் தள்ளிவிடுகின்றனர். மகள் நலம்பெற்றவள் போல் தோன்றுகிறாள். அதன் பின்னர் சாமியாடி தொலைபேசியில், தான் பிழைபட்டுவிட்டதாகவும் அப்பெண்ணே பேய் எனவும் கூறுகிறான். பெண்ணோ, சேவல் மூன்று முறை கூவும்வரை வீட்டுக்குள் செல்லாதே என்று சந்தில் தடுத்து நிறுத்துகிறாள். அவன் மூன்றாம் கூவலுக்குக் காத்திராது செல்கிறான். மனைவியும் மாமியாரும் மகள் கையால் மாண்டு கிடக்கின்றனர். அதே பொழுதில் திருத்தொண்டன் யாங் இ-சாம் குகையொன்றில் அயலானை உயிருடன் காண்கிறான். அவன் கண்முன்னே அயலான் சாத்தானின் உருவம் கொள்கிறான்.

2015ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தென்கொரிய மக்களுள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் சீர்திருத்தச் சபையினரும் கத்தோலிக்கருமாகிய கிறித்தவர். 15 விழுக்காட்டினர் பௌத்தர். பாதிக்கு மேற்பட்டோர் எச்சமயமும் சாராதவர். ‘முடாங்’ எனப்படும் சாமியாடிகளும் ‘குட்’ எனப்படும் அவர்தம் சடங்கும் இக்கணக்கின் எக்கட்டத்திலும் அடங்காது எல்லாக் கட்டங்களின் ஊடும் வாழ்பவை. ஆகவே நோயுற்ற மகளுக்காக ஒருவன் மருத்துவமனைக்கும், கத்தோலிக்கக் குருவிடமும், சாமியாடியிடமும் ஒருங்கே அலைவது அந்நாட்டார்க்கு வியப்பளிப்பதன்று. 1910 முதல் 1945 வரை ஜப்பானிய ஆட்சியின்கீழ் இருந்த மக்களின் நினைவில், மலையிலுள்ள தனியன் ஜப்பானியனாக இருப்பதன் பொருளும் எளிதிற் புலப்படுவதே.

பார்வையாளர் தீர்ப்புகள்

இப்படத்தைக் கண்டோர் கூறும் கருத்துகள் பலவாயினும் அவற்றுட் பெரும்பாலானவை ‘யார் பேய்?’ என்னும் ஒரே வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளாம். அயலானும் சாமியாடியும் கூட்டாளிகள், பெண் காவல்தெய்வம் என்பது ஒருசாரார் முடிவு. இறுதியில் சாமியாடியின் கையினின்றும் சிதறி விழும் புகைப்படங்கள், இறந்தோரைப் படமெடுக்கும் அயலானின் வழக்கத்தோடு ஒத்திருப்பது இவர்களுக்கு வலுவான சான்று. மூவரும் தீய ஆற்றல்களே, மனிதர் அவற்றின் விளையாட்டுப் பொருள் என்பர் மற்றொரு சாரார். அயலான் உண்மையில் சாத்தான் அல்லன், திருத்தொண்டன் அவனைச் சாத்தான் என்று உறுதிகொண்டு வந்தமையால் அவன் கண்ணுக்கு அவ்வாறு தோன்றினான் என்பாரும் உளர். இக்கருத்துக்குப் படத்திலேயே இடம் உண்டு. குகையில் அயலான், நீ முன்னரே முடிவு செய்துவிட்டு வந்தாய், யான் என்ன கூறினும் உன் எண்ணம் மாறாது என்னும் பொருள்படப் பேசுகிறான்.

இவ்விடைகளினும் கூர்மையானவை படத்தின்மேல் கூறப்படும் இரு குறைபாடுகள். இயக்குநர் காட்சித் தொகுப்பால் பார்வையாளரை ஏமாற்றிவிட்டார் என்பது ஒன்று. இல்-க்வாங் மரத்தூணில் நீண்ட முளைகளை அறைந்து சடங்காற்றும் காட்சியும் அயலான் தன் குடிலில் சடங்காற்றும் காட்சியும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. முளை அறையப்படும்போது அயலான் துடிக்கிறான், சிறுமியும் துடிக்கிறாள். சாமியாடியின் அடி அயலானைத் தாக்குகிறது என்றே முதன்முறை காண்போர் கொள்வர். மறுமுறை காண்போர், அடி சிறுமிக்கே உரியதென்றும் அயலானின் சடங்கு வேறொரு பிணத்தை நோக்கியதென்றும் உணர்வர். இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால் இடையே காரணகாரியத் தொடர்பு உண்டு என்று கருதிவிடுவது பார்வையாளரின் பழக்கமேயன்றி இயக்குநரின் பொய்யன்று. ஊரார் அயலானின் வருகையையும் கொலைகளையும் அடுத்தடுத்து வைத்து எண்ணியதும் இவ்வாறே. அவ்வகையில் பார்வையாளர் ஊராருள் ஒருவராக ஆக்கப்படுகிறார். ஏமாற்றம் என்று குறைகூறப்படுவது உண்மையில் ஒரு தேர்வு.

இரண்டாம் குறைபாடு இதனினும் பாரியது. அயலான்மேல் வெறுப்புக் கொள்ளுதல் தவறு என்று கதை முற்பகுதியில் உணர்த்துகிறது. பிற்பகுதியிலோ அவன் மெய்யாகவே சாத்தான் என்று காட்டுகிறது. அங்ஙனமாயின் ஊராரின் வெறுப்புக்குப் படமே நியாயம் கற்பித்துவிட்டதன்றோ என்பது அக்குறை. இதற்கு எளிதில் விடை கூற இயலாது. 2016இல் கொரியாவின் ‘நீல டிராகன்’ விருதுகளுள் சிறந்த துணைநடிகர் விருது அயலானாக நடித்த ஜுன் குனிமுராவுக்கு வழங்கப்பட்டது. அவ்விருதினைப் பெற்ற முதல் அயல்நாட்டு நடிகர் அவரே. பார்வையாளரின் உள்ளம் நடிகரை ஏற்று அவர் தாங்கிய உருவை அஞ்சியது. ஆயினும் வினா அப்படியே நிற்கிறது.

ஐயத்தின் இலக்கணம்

ஐயம், திரிபு, தெளிவு ஆகியவற்றை வேறுபடுத்திக் காணும் மரபு தமிழில் மிகப் பழமையானது. தொல்காப்பியக் கிளவியாக்கம், திணையும் பாலும் துணியப்படாத பொருளை எவ்வாறு சுட்டுவது என்பதற்கு விதி கூறுகிறது. தொலைவில் தோன்றுவது மரக்கட்டையோ மனிதனோ எனத் துணியாதவிடத்து ‘உருவு’ என்று பொதுமையிற் கூறுதல் வேண்டும் என்பர் உரையாசிரியர். துணியாததைத் துணிந்தாற்போலக் கூறுதல் அங்கு மொழிப்பிழை. ‘கோக்சொங்’ திரைக்கதையும் இதனை ஒத்ததொரு நெறியைப் பின்பற்றியிருப்பது கருதத்தக்கது. நடிகர் பட்டியலில் அம்மனிதன் ‘வெளியூரான்’ என்னும் பொருள்தரும் சொல்லாலும், அப்பெண் ‘பெயரற்றவள்’ என்னும் சொல்லாலுமே குறிக்கப்படுகின்றனர். ஊரார்தாம் பேய் என்கின்றனர்.

களவியல் இதனினும் நெருங்கிய ஒப்புமை தருகிறது. தனிமையில் எதிர்ப்பட்டவள் தெய்வமகளோ மயிலோ மானுடமகளோ எனத் தலைவன் ஐயுறுவான். மொய்க்கும் வண்டு, அணிகலன், எழுதிய தொய்யில், வாடும் பூ, மருளும் கண், இமைப்பு, அச்சம் ஆகியவற்றைக் கண்டு மானுடமகளே எனத் தெளிவான். உடம்பின் அடையாளமே ஐயத்தை அறுக்கிறது. படத்தின் தொடக்கத்தில் இடம்பெறும் லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரப் பகுதியும் இதே அடிப்படையில் அமைந்ததே. உயிர்த்தெழுந்த இயேசுவை ஆவி எனக் கருதி அஞ்சிய சீடர்களிடம் அவர் தம் கைகால்களைக் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஆவிக்குத் தசையும் எலும்பும் இல்லை என்பது அவர் கூறும் காரணம்.

இவ்விருவேறு மரபுகளும் நம்பியிருந்த அளவுகோலையே படம் முறித்துவிடுகிறது. குகையில் அதே நற்செய்திச் சொற்களைக் கூறித் தன் உள்ளங்கையின் ஆணித்தழும்பைக் காட்டுபவன் சாத்தான். சந்தில் ஜோங்-குவின் கையைப் பற்றும் பெண்ணின் கையும் தசையும் எலும்பும் உடையதே. அதனால் அவன் தெளிவு பெறவில்லை. வாடும் பூ என்னும் அடையாளமும் இங்குண்டு. வீட்டு வாயிலில் கட்டப்பட்டிருந்த செடி, அவன் கடந்து சென்ற பின்னரே வாடுகிறது.

சைவ சித்தாந்த அளவை நூல்கள் காட்சி, கருதல், உரை என மூன்றினை அறிதற்கருவிகளாகக் கொள்ளும். இப்படத்தில் காட்சி கனவோடு கலந்து கிடக்கிறது; சிவந்த கண்களுடன் மான்பிணத்தைத் தின்னும் அயலானைக் கண்டவன் ஒருவன் சொன்னது, பின்னர் ஜோங்-குவின் கனவாகிறது. கருதலுக்கு ஏதுவாகக் கிடைப்பவை மகளின் காலணியும் தலைமுடிக் கவ்வியும். முதலது அயலானைச் சுட்டுகிறது. இரண்டாவது, மூன்றாம் கூவலுக்கு முன் சந்தில் கிடந்து, பெண்ணைச் சுட்டுகிறது. இரண்டும் ஒரே வகையான ஏது. ஒன்றனை ஏற்பவன் மற்றொன்றனை மறுக்கக் காரணம் இல்லை. உரையோ கூறுவோன் நம்பத்தக்கவனாதலைப் பொறுத்தது. அதுவே ஈண்டு வினாவுக்குரியது. அயலானின் பேச்சு ஜோங்-குவுக்குத் திருத்தொண்டன் வாயிலாக மொழிபெயர்க்கப்பட்டே கிடைக்கிறது. துணைத்தலைப்பின் துணையால் படத்தைக் காணும் இந்தியப் பார்வையாளர்க்கு இம்மொழிபெயர்ப்பு இருமடங்கு. ஜொல்லா வட்டார வழக்கின் எள்ளலும் பணிவும் அவர்களை எட்டுவதே இல்லை.

வேலனும் சாமியாடியும்

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு நன்கு அறியப்பட்ட துறை. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் வெறிப்பத்து என ஒரு பத்தே உண்டு. மகளின் மெலிவு கண்ட தாய் கழங்கு பார்க்கும் வேலனை அழைக்கிறாள், அவன் முருகு அணங்கியது என்கிறான், மறியறுத்துக் களமிழைக்கிறான். நோயின் முதல் தலைவனின் மார்பு என்பதைத் தலைவியும் தோழியும் அறிவர். பாடலைக் கேட்போரும் அறிவர். ஆதலின் வேலன் நகைப்புக்குரியவனாகிறான். அவனால் விளையும் தீங்கு ஓர் ஆட்டுக்குட்டியின் உயிரோடு முடிகிறது. தோழி அறத்தொடு நின்றதும் உண்மை வெளிப்பட்டு ஐயம் நீங்குகிறது.

‘கோக்சொங்’கிலும் மெலிந்த மகள், கலங்கிய வீட்டார், கூலி பெற்று வரும் சாமியாடி, களம், பலி ஆகிய அனைத்தும் உண்டு. இல்லாதது கேட்போரின் அறிவு ஒன்றே. அகப்பாடலில் தாய்மேல் நாம் இரக்கம் கலந்த நகை கொள்வது, அவள் அறியாததை நாம் அறிந்திருப்பதனால். அவ்வுயர்நிலை பறிக்கப்பட்டுத் தாயின் இடத்தில் நாமே நிறுத்தப்பட்டால், வேலனை அழைத்தது மடமை என்று கூற நமக்கு என்ன உரிமை உண்டு? இப்படத்தின் பார்வையாளருள் பலர் ஜோங்-குவை மூடன் என்கின்றனர். அவர்கள் அவ்வாறு கூறுவது படம் முடிந்த பின்னர். ஓடிக்கொண்டிருக்கும்போது சாமியாடியின் முளை ஒவ்வொன்றும் அயலானைத் துளைக்க வேண்டும் என்று விரும்பியோர் அவர்களே.

சான்றும் காலமும்

ஆங்கில மெய்யியலாளர் கிளிஃபர்டு 1877இல் எழுதிய ‘நம்பிக்கையின் அறவியல்’ என்னும் கட்டுரை ஒரு கப்பல் உரிமையாளன் கதையுடன் தொடங்குகிறது. பழுதான கப்பல் அது; குடிபெயர்வோர் பலர் அதில் ஏறுகின்றனர். உரிமையாளனுக்கு ஐயம் எழுகிறது. அதனை ஆராயாது, பலமுறை நலமாகச் சென்று மீண்ட கப்பல்தானே எனத் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான். கப்பல் மூழ்குகிறது. அவன் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. கப்பல் மூழ்காது கரைசேர்ந்திருப்பினும் அவன் குற்றம் அணுவளவும் குறையாது என்பதே கிளிஃபர்டு வற்புறுத்துவது. அவன் நம்பிக்கை மெய்யானதா பொய்யானதா என்பதன்று வினா. அதனைக் கொள்ள அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே வினா.

வெறுப்புக்கு நியாயம் கற்பித்தது என்னும் குறைபாட்டுக்கு இதன் வழியே விடை காணலாம். அயலான் சாத்தான் என்று வெளிப்பட்டமை ஜோங்-குவின் கப்பல் கரைசேர்ந்தமை போன்றது. அவன் காவலர், ஆராயும் கடமையும் கருவியும் காலமும் உடையவன். கத்தோலிக்கக் குருவிடம் சென்றபோது அவர், நீ உன் கண்ணால் கண்டாயா என்று வினவி, மருத்துவரை நம்புமாறு கூறியனுப்புகிறார். அவன் செய்ததோ வழிபாட்டு மாடத்தை உடைத்தல், நாயைக் கொல்லல், ஆயுதம் ஏந்திய நண்பரைக் கூட்டிச் செல்லல். அடிபட்டவன் சாத்தானே ஆயினும், அவனைச் சரிவில் தள்ளிய பொழுதில் ஜோங்-கு தள்ளியது ஒரு மனிதனை. முடிவு கொண்டு தொடக்கத்தை நியாயப்படுத்துவோர் இவ்வேறுபாட்டைத் தவறவிடுகின்றனர்.

சந்தில் நிகழ்வது வேறு. அங்கு ஆராயக் காலம் இல்லை. சாமியாடி, உடனே வீட்டுக்குச் செல் என்கிறான். பெண், செல்லாதே என்கிறாள். நிற்பதும் தேர்வே, செல்வதும் தேர்வே. தேராதிருத்தல் என்னும் மூன்றாம் வழி அடைக்கப்பட்டுள்ளது. 1896ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் வில்லியம் ஜேம்ஸ் கிளிஃபர்டை மறுத்து எடுத்துக்காட்டியது இத்தகைய நிலையையே. தவிர்க்கவியலாததும் பெரும்பயன் சார்ந்ததும் அறிவால் தீர்க்கவியலாததுமான தேர்வில் உள்ளத்தின் சார்பு முடிவு செய்யலாம் என்பது அவர் கருத்து. ஜேம்ஸின் வாதம் நம்பிக்கைக்கு ஆதரவாக வைக்கப்பட்டது. இச்சந்திலோ இருபுறமும் நம்பிக்கையே உள்ளது. மகளை நோக்கி ஓடிய தந்தையின் சார்பு, பெயரறியாப் பெண்ணின் சொல்லைவிட வலியதாயிருந்தமையைக் குற்றம் என்று கூற ஜேம்ஸின் நெறியில் இடமில்லை.

திருக்குறளின் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரம் இவ்விரு நிலைகளையும் ஒரே குறளில் சேர்த்து நோக்குவது வியக்கத்தக்கது. அதன் இறுதிப்பாட்டு, ஆராயாது ஒருவனைத் தெளிதலும் தெளிந்தவன்மேல் பின்னர் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பம் தருவன என்னும் கருத்துடையது. ஜோங்-கு ஆராயாமலே சாமியாடியைத் தெளிந்தான். பெண்ணைப் பொறுத்தவரை அக்குறளின் பின்பகுதி முழுமையாகப் பொருந்தாது. அவளை அவன் என்றும் தெளிந்ததில்லை. அரசனுக்கும் அமைச்சனுக்கும் உரைக்கப்பட்ட அவ்வறம், ஆராய்வதற்கு ஓய்வு உண்டு என்னும் எண்ணத்தின்மேல் நிற்பது. விடியற்காலச் சந்து அதன் எல்லைக்கு வெளியே உள்ளது.

‘ஏன் என் மகள்?’

படத்தின் நெஞ்சமாக அமைவது ஜோங்-கு இருமுறை வினவும் இக்கேள்வி. சாமியாடியிடம் வினவும்போது அவன், தூண்டில் இடுபவன் எம்மீன் சிக்கும் என அறிவானா, அவன் இரையை எறிந்தான், உன் மகள் கவ்வினாள் என்னும் பொருள்படக் கூறுகிறான். படத்தின் முதற்காட்சியில் அயலான் ஆற்றங்கரையில் தூண்டிலில் புழு கோப்பது இவ்விடைக்குத் துணையாகிறது. பெண்ணிடம் வினவும்போது அவள், அவள் தந்தை பிறனை ஐயுற்றான், கொல்ல முனைந்தான், இறுதியில் கொன்றான், அப்பாவமே காரணம் என்கிறாள். அவன் உடனே, என் மகள் நோயுற்றது அதற்கு முன்னரன்றோ என மறுக்கிறான்.

இம்மறுமொழியைப் பார்வையாளருள் பலர் கவனியாது கடந்துவிடுகின்றனர். பெண் காவல்தெய்வம் என்று முடிவு செய்தோர் அவள் கூற்றையும் மெய் என ஏற்கின்றனர். சாமியாடி வஞ்சகன் என்று முடிவு செய்தோர் அவன் கூற்றைப் பொய் எனத் தள்ளுகின்றனர். கூறுவோனின் நன்மை தீமையைக் கூற்றின் மெய்ம்மை பொய்ம்மையாகக் கொள்ளும் பிழை இது. காலமுறையை நோக்கின், கொலை நோய்க்குப் பின்னர் நிகழ்ந்தது. பின்னது முன்னதற்குக் காரணமாகாது. ஐயுறவு நோய்க்கு முன்னரே தொடங்கிவிட்டது என்று அவள் சார்பில் வாதிடலாம். அப்போது அவ்வையுறவு ஊர்ப்பேச்சைக் கேட்டு நகைத்த அளவினதே; அதற்கு ஒரு குழந்தையின் உடலைத் தண்டமாகக் கேட்பது எவ்வறத்தின்பாற்படும்? வஞ்சகன் கூறிய விடையே நடந்ததோடு பொருந்துகிறது. நற்பக்கத்தில் நிற்பவள் கூறியது பொருந்தவில்லை. இக்கசப்பைப் படம் மறைக்கவில்லை. யோபுவின் நூலில், துன்புற்றவனிடம் உன் பாவமே காரணம் என்று கூறிய நண்பர்களைக் கடவுள் கடிந்துகொள்கிறார். இங்கு அவ்விடத்தில் நின்று பேசுபவள் தெய்வத்தன்மை உடையவளாகக் கருதப்படுபவளே.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதை ஈண்டு நினைக்கத்தக்கது. கணவனை இழந்து மதுரையை எரித்த கண்ணகிக்கு மதுராபதித் தெய்வம் பழம்பிறப்பு உரைக்கிறது. முற்பிறப்பில் பரதன் என்னும் பெயரினனாய்ச் சிங்கபுரத்து அரசனிடம் தொழில்புரிந்த கோவலன், வணிகம் செய்ய வந்த சங்கமன் என்பவனைப் பகைநாட்டு ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொலையுண்ணச் செய்தான். சங்கமன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் விளைந்தது என்பது அவ்விளக்கம். வெளியூரிலிருந்து வந்த ஒருவன்மேல் ஆராயாது சுமத்திய ஐயம், கொலை, அதன் விளைவாக வேறொரு குடும்பத்தின் அழிவு ஆகியன இரு கதைகட்கும் பொது. வேறுபாடு ஒன்றுண்டு. மதுராபதி கூறும் காரணம் காலமுறையில் முந்தியது. ஆயினும் கோவலனுக்கு அதன் நினைவில்லை. பெயரற்ற பெண் கூறும் காரணம் ஜோங்-குவின் நினைவில் உள்ளது. ஆயினும் காலமுறையில் பிந்தியது. இளங்கோவடிகள் ஊழ்விளக்கத்தைத் தெய்வத்தின் வாயில் வைத்ததோடு நில்லாமல், ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியனின் பிழையை அதற்கு முன்னரே அவையில் நிறுவிவிட்டார் என்பது கருதத்தக்கது. முற்பிறப்புக் கதையால் பாண்டியனின் பழி குறைவதில்லை. அரியணையிலேயே அவன் உயிர் நீங்கியது, தெய்வம் பேசுவதற்கு முன்னர்.

ஜோங்-குவுக்கும் இது பொருந்தும். அவன் செய்த கொலை அவன் மகளின் நோய்க்குக் காரணமன்று. எனினும் அது கொலையே. பெண் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறாள். அவள் சொல்லில் உள்ள பிழையை அவன் கண்டுகொண்டான். அதிலுள்ள உண்மையை அவ்வேளையில் காணவில்லை. பிழையைக் கண்டமையே அவனை அவளிடமிருந்து விலக்கிற்று எனவும் கூறலாம். அவள் உடுத்தியிருந்த இறந்தோர் ஆடையும் காலடியில் கிடந்த கவ்வியும் அதன்பின் வந்தவை.

சேவற்கூவல்

கிறித்தவப் பின்னணியுடைய பார்வையாளர்க்குச் சேவல் கூவுதல் பேதுருவை நினைவூட்டும். சேவல் கூவுமுன் மும்முறை மறுதலிப்பாய் என்று முன்னறிவிக்கப்பட்டவர் அவர். மறுதலித்தார்; சேவல் கூவியதும் வெளியே சென்று மனங்கசந்து அழுதார். இதனைக் கொண்டு, ஜோங்-குவின் வீழ்ச்சி நம்பிக்கையின்மையின் தண்டனை என்று சமயச்சார்புடைய பார்வையாளர் சிலர் விளக்குவர். இது நம்பிக்கையையே பழிக்கும் படம் என்று வேறு சிலர் வருந்துவர். பேதுருவின் கதை அழுகையோடு நிற்பதன்று. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தில் விடியற்காலைக் கரையில், மீன்பிடித்துத் திரும்பும் அவரிடம் மூன்றுமுறை அன்பு பற்றிய வினா கேட்கப்படுகிறது. மறுதலிப்பு மூன்றும் அங்குத் துடைக்கப்படுகின்றன. ‘கோக்சொங்’கில் கரையும் மீனும் முதற்காட்சியிலேயே வந்து போய்விட்டன, அங்குத் தூண்டிலோடு அமர்ந்திருந்தவன் அயலான். மூன்றாம் கூவலுக்குப் பின் எஞ்சுவது தலைப்பு குறிக்கும் அழுகுரலும், குருதி படிந்த வீட்டினுள் சாய்ந்து கிடந்தபடி, அப்பா காவலர், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வேன் என்று மகளுக்குக் கூறும் தந்தையின் முணுமுணுப்புமே.